படி பதினெட்டு

சென்ற மாதம் இளம் பொறியியலாளர் மூவர் என்னைக் காண வந்தனர். தாங்கள் இப்போது கணினித் திரையில் ஒரே உருவின்மீது கட்டடக் கலைஞரோடு சேர்ந்து வேலை செய்வதாகவும், அவர் ஒரு சுவரை நகர்த்தினால் தங்கள் தூணும் கூடவே நகர்ந்துவிடுவதாகவும், அதனால் நாள்தோறும் பிணக்கு எழுவதாகவும் கூறினர். வடிவமைப்பவரின் வேலை எங்கே முடிகிறது, பொறியியலாளரின் வேலை எங்கே தொடங்குகிறது, உங்கள் காலத்தில் எல்லை தெளிவாக இருந்ததா என்பது அவர்களுடைய வினா. ஓர் எல்லை இருந்தது, அதன் அகலம் ஓர் அங்குலம், அதில் ஒரு பெண் விழுந்து இறந்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் பயின்ற நான்கு ஆண்டுகளையும், வன்னியில் வாய்க்கால்களோடும் மதகுகளோடும் கழித்த ஆறு ஆண்டுகளையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. சுமை எவ்வழியாக இறங்கி நிலத்தைச் சேர்கிறது என்பதைக் கற்றேன், அவ்வளவே. எண்பத்து மூன்றாம் ஆண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி, பாடசாலைகளையும் மருந்தகங்களையும் அமைக்கும் ஒரு கந்தோரில் பொறுப்பேற்றேன். அலுவலகம் என்று எழுதவே கை விரும்புகிறது. ஆயினும் அந்த இடத்தை எவரும் அப்படி அழைத்ததில்லை.

அங்கே வரைபடப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் கதிரவேலர். கொழும்பிலிருந்து கட்டடக் கலைஞர் எவரும் வரத் துணியாத காலம் அது. ஆதலால் வடிவமைப்பு முழுவதும் அவர் கையில் இருந்தது; பதவியேட்டில் என்னவாக இருந்தாலும், கந்தோரில் அவரே தலைவர். உயரமானவர், குனிந்தே இருந்து பழகியமையால் நிமிரும்போதும் முதுகில் ஒரு வளைவு எஞ்சியிருக்கும். பென்சிலைச் சவர அலகினால் சீவி, அதன் கூர்முனையைத் தம் நகத்தில் தொட்டுப் பார்த்த பின்னரே தாளில் வைப்பார். என்னோடு முதன்முதலாகக் கதைத்தபோது அவர் சொன்னது இது:

“நீர் கட்டடம் நிக்குமோ எண்டு பார்க்கிற ஆள். நான் அதுக்குள்ளை சனம் எப்பிடி நிக்கும் எண்டு பார்க்கிற ஆள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குழப்பக் கூடாது தம்பி.”

அவருக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. எந்த வரைபடத்திலும், முதலில், மிக மெல்லிய கோட்டில் ஒரு பெண்ணை வரைவார். இடுப்பில் தண்ணீர்க்குடம், முகம் இல்லை. வாயிலில், மூலையில், நடையில், எங்கே இடம் போதாதென்று ஐயுறுகிறாரோ அங்கே அவளை நிறுத்துவார். “குடத்தோடை ஒருத்தி திரும்பக் கூடின இடத்திலை ஆரும் திரும்பலாம்” என்பார். வேலை முடிந்ததும் அவளை அழித்துவிடுவார். மை தொட்டுத் தெளிவாக வரையும்போது அவள் இருந்த சுவடு தெரியாது.

மற்றையது, மாடி ஏறும் வழியைச் சோதிக்கும் முறை. வரைபடத்தைப் பரப்பி, கண்களை மூடிக்கொண்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் இரு கால்களாக்கி, கீழிருந்து மேலாக ஏறுவார். ஏறும்போது வாய் முணுமுணுக்கும்: “லாபம், நட்டம், லாபம், நட்டம்…” எங்கள் ஊரில் வீடு கட்டுபவர் எவரும் அவ்வாறு எண்ணுவதுண்டு. மேல் தளத்தில் பதியும் கால் லாபத்தில் விழ வேண்டும். பொறியியல் பயின்ற நான் இதைக் கேட்டுப் புன்னகை செய்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, “சிரியும், சிரியும். சறுக்கி விழேக்கை ஆர் சிரிக்கிறது எண்டு பாப்பம்” என்றார்.

எனக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அதைக் குறை என்று அன்று எவரும் சொல்லியிருந்தால் சினந்திருப்பேன். வரைபடங்களில் ஆங்கிலம் எழுதுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தேன். கம்பி, வளை, தூண், தளம் என ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடி, ஒரு பட்டியல் ஆக்கி, கந்தோர்ச் சுவரில் ஒட்டினேன். மாடி ஏறும் வழியில், கால் மிதிக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும், அதிலிருந்து அடுத்ததற்கு எழும் பகுதிக்கு வேறொரு சொல்லும் உண்டு. அந்த இரண்டையும் அகற்றி, அழகும் தொன்மையும் உடைய ஒரு சொல்லை இட்டேன்: படி.

கதிரவேலர் பட்டியலைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“தம்பி, அண்டைக்கு ஒரு தாளிலை ‘படி மூண்டு’ எண்டு எழுதி வைச்சிருந்தீர். நான் வாசலுக்கு மூண்டு படி கீறிப் போட்டன். பிறகு பார்த்தால் நீர் கேட்டது மூண்டு பிரதி. உந்தப் படி ஏறுறதோ, எடுக்கிறதோ, இல்லாட்டி என்னைப் போய்ப் படியெண்டு சொல்லுறீரோ?”

கந்தோர் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பட்டியலைக் கழற்றவில்லை.

எண்பத்து நான்காம் ஆண்டு, உடுவிலுக்கு அப்பால் ஒரு சிற்றூரின் பெண்கள் பாடசாலைக்கு மாடிக்கட்டடம் ஒன்று அமைக்கும் பணி எங்களிடம் வந்தது. கீழ்த் தளத்திலிருந்து மேல் தளம் பத்தரை அடி உயரம், அதாவது நூற்றிருபத்தாறு அங்குலம். இடை மேடை எதுவுமின்றி ஒரே நேர் ஏற்றமாக வழியை அமைப்பதென்று கதிரவேலர் தீர்மானித்தார். நான் கணக்கிட்டேன். ஏழங்குலமாகப் பதினெட்டு முறை எழுந்தால் மாடி. என் தாளில் எழுதினேன்: ‘படி 18. உயரம் 7 அங்குலம்.’

கதிரவேலர் தம் தாளில் எழுதினார்: ‘படி 18.’

இருவர் தாளையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கினேன். எண் ஒன்றாக இருந்தது. சொல்லும் ஒன்றாக இருந்தது. கையொப்பம் இட்டேன். அவர் தம் தாளில் விரல்களால் ஏறினார். “லாபம்” என்று மேலே போய் நின்று, கண் திறந்து மகிழ்ந்தார். அவர் தாளில் அவர் ஏறினார். என் தாளில் நான் கணக்கிட்டேன். ஒருவர் தாளில் மற்றவர் ஏறவில்லை.

கட்டியவர் குருநகரைச் சேர்ந்த சவிரிமுத்து என்ற தலைமை மேசன். தூக்குநூல் பிடித்தால் சுவரும் அவருக்கு அஞ்சி நிமிரும் என்று கந்தோரில் சொல்வார்கள். பாடசாலை அடுத்த தை மாதம் திறக்கப்பட்டது.

ஓராண்டு கழியுமுன்னர் அதிபர் அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. மாடிக்கு ஏறும் வழியில் பிள்ளைகள் அடிக்கடி இடறுகின்றனர். ஒரு மாணவி கையை முறித்துக்கொண்டாள். சங்கீத ஆசிரியைக்கு முழங்கால் பிசகியது. கட்டடம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது செய்தி. நான் சென்றேன். கொங்கிறீற்றின் அடியை ஒளியிட்டுப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. அத்திவாரம் இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினேன், ஒலி திடமாக வந்தது. மேலே ஏறும்போது நடுவழியில் என் தலை சற்றே முன்னால் சாய்ந்தது. புதிய சப்பாத்து; அதன் நுனி நீளம் என்று எண்ணிக்கொண்டேன். இறங்கும்போது கைபிடிச்சுவரில் ஈரக்கசிவு உண்டா என்று தடவிக்கொண்டே வந்தமையால் எதுவும் தெரியவில்லை.

விழுந்தவர்களை விசாரித்தேன். சங்கீத ஆசிரியை கதிரையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார்.

“இடறேல்லை எஞ்சினியர். இடறினால் கல்லு, தடி ஏதாவது தட்டுப்படும் எல்லோ? எனக்கு ஒண்டும் தட்டுப்படேல்லை. கால் வைச்சன், நிலம் கீழை போட்டுது.”

“நிலம் கீழே போவதில்லை, ரீச்சர்.”

“அது உங்களுக்குத் தெரியும். என்ரை காலுக்குத் தெரியாது.”

கையை முறித்த மாணவியும் தனியே அதையே சொன்னாள்: நிலம் கீழே போயிற்று. ஒருவரிடம் ஒருவர் கேட்டுச் சொல்கின்றனர் என்று முடிவு செய்தேன். கந்தோருக்குத் திரும்பி, ‘கட்டடத்தில் எக்குறையும் இல்லை’ என்று சான்றிதழ் எழுதி, ஒப்பமிட்டு அனுப்பினேன். தூய தமிழில், ஒரு பிழையுமின்றி எழுதியிருந்தேன். கட்டடத்தில் குறை இல்லையென்று பொறியியலாளரே எழுதித் தந்துவிட்டால், அங்கே இருப்பது வேறென்ன என்று ஊர் கேட்கத் தொடங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அங்கே குடியேறிய பேய்க்கு அந்தத் தாளே பிறப்புச் சான்றிதழ் ஆயிற்று.

எண்பத்தேழாம் ஆண்டின் ஐப்பசியில், சண்டைக்கு அஞ்சிய சனம் பாடசாலைகளிலும் கோயில்களிலும் நெருங்கிக் கிடந்தது. அந்த மாடியிலும் இருபது குடும்பங்கள் இருந்தன. ஒரு காலை, கரையோரத்திலிருந்து வந்த அன்னம்மா என்ற பெண், கிணற்றிலே தண்ணீர் அள்ளுவதற்காகக் குடத்தோடு இறங்கினாள். மேலே நின்றவர்கள் அவள் கூவவில்லை என்கின்றனர். குடம் உருளும் ஒலி மட்டும் கேட்டது. தெருவில் எவரும் நடமாட முடியாத நாள். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழி இருக்கவில்லை. பொழுது படுமுன் இறந்தாள். இறக்குமுன் அருகிருந்தவளிடம் சொன்ன சொல்லை ஊர் முழுவதும் அறிந்திருந்தது: “நிலம் இல்லையடி.”

அதன் பின் ஊர் தன் விளக்கத்தைக் கண்டுபிடித்தது. படியின் கீழே சவிரிமுத்து எதையோ வைத்துக் கட்டினார் என்றனர். நாட்டில் ஆட்கள் காணாமற் போய்க்கொண்டிருந்த காலத்தில், எதை வைத்தார் என்று சொல்ல எவருக்கும் கற்பனை தேவைப்படவில்லை. அவரை அத்திவாரம் வெட்ட அழைப்பதை நிறுத்தினர். அவர் குருநகரை விட்டுக் கொழும்புத்துறையில் தங்கையார் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வியுற்றேன். கதிரவேலர் அதற்குமுன்பே ஓய்வு பெற்று, அடுத்த மாரியில் காலமானார். பாடசாலையில் மாடியைப் பூட்டிவிட்டனர்.

பூட்டு ஐந்து ஆண்டுகள் இருந்தது. தொண்ணூற்றிரண்டில் அதிபர் அம்மையார் மிதிவண்டியில் கந்தோருக்கே வந்தார். கீரிமலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்று அவர்களோடு சேர்க்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வேப்பமர நிழலில், நிலத்தில் இருந்தனர்.

“மாடியிலை நாலு வகுப்பறை பூட்டிக் கிடக்குது. மழை வந்தால் இந்தப் பிள்ளையளை எங்கை இருத்திறது? திறக்கச் சொன்னால் எங்கடை தாய் தகப்பன்மார் விடமாட்டினம். நீங்கள் வந்து நிண்டு, ஒண்டும் இல்லை எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ.”

“முன்னரே எழுதித் தந்தேன் அல்லவா?”

“ஓம். தந்தனீங்கள். பிறகுதானே அன்னம்மா விழுந்தவ.”

மறுநாள் உச்சிவேளையில் பாடசாலை முற்றத்தில் நின்றேன். காற்று இல்லை. அதிபர் பூட்டைத் திறந்தார். தம் பாடசாலையின் பழைய பிள்ளைகள் எவரையும் அவர் அழைக்கவில்லை, அழைத்தாலும் வந்திருக்கமாட்டார்கள். கீரிமலைப் பிள்ளைகள் நாற்பது பேரை வரிசையாக நிறுத்தி, மேலேயுள்ள மேசைகளையும் வாங்குகளையும் துடைத்து வைக்குமாறு அனுப்பினார். அவர்கள் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அன்னம்மாவின் கதை அவர்களுக்குத் தெரியாது. எவரும் சொல்லக் கூடாதென்று அதிபர் கட்டளையிட்டிருந்தார்.

வழியின் ஒரு பக்கம் திறந்தது. முற்றத்திலிருந்து முழுவதும் தெரியும். வெள்ளைச் சீருடையில் முதற்பிள்ளை ஏறினாள். பாதிக்கு மேல் சென்றதும் அவள் தலை குனிந்து நிமிர்ந்தது. யாரோ மூத்தவர் எதிரே நிற்க, வணங்கி வழி கேட்பது போன்ற குனிவு. இரண்டாமவள் வந்தாள், அதே இடத்தில் குனிந்தாள். மூன்றாமவள் பின்னால் திரும்பித் தோழியோடு கதைத்துக்கொண்டே ஏறினாள். அவளும், பேச்சு நடுவில் அறுபட, குனிந்தாள். நாற்பது பேர். நாற்பது தலைகள். ஒருத்தியாவது நின்று கீழே பார்க்கவில்லை. தாம் குனிந்தது அவர்களுக்கே தெரியவில்லை. வெறுமையாய் இருந்த அந்த ஓரிடத்தின் முன் ஒவ்வொருத்தியும் வணங்கி, அதற்கு வழிவிட்டு, மேலே சென்று மறைந்தாள்.

அருகில் நின்ற அதிபர் மெதுவாகக் கேட்டார்: “இப்ப என்ன எழுதித் தரப் போறியள்?”

பிள்ளைகள் இறங்குவதற்குள் நான் ஓடிச் சென்று, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக இறங்கச் செய்தேன். பிறகு அளவுகோலை எடுத்தேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் செய்திருக்க வேண்டியது அது. அன்று கட்டடம் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தேன்; அதன்மீது நடப்பவர்களை அளக்கவில்லை. அது கதிரவேலரின் வேலை என்பது என் எண்ணம்.

கீழிருந்து பன்னிரண்டு மிதிகள். ஒவ்வொன்றும் ஏழங்குலம் எழுந்தது. பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்கு ஆறங்குலம். அங்கிருந்து மாடிவரை எல்லாம் ஆறங்குலம். மிதியின் அகலமும் அவ்விடத்திலிருந்து பத்தங்குலத்திலிருந்து எட்டும் சொச்சமுமாகக் குறைந்தது. ஆதலால் சரிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்து கண்ணை ஏமாற்றியது. ஏறுபவரின் கால் ஏழங்குலத்துக்குப் பழகி, பன்னிரண்டாம் மிதியில் ஓரங்குலம் கூடுதலாகத் தூக்கி, விழுந்து பதியும், தலை குனியும். இறங்குபவரின் கால் ஆறங்குலத்துக்குப் பழகி, அதே பன்னிரண்டாம் மிதியை விட்டு இறங்கும்போது, நிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஓரங்குலம் வெறுமையைக் காணும். சங்கீத ஆசிரியை சரியாகவே சொன்னார். அன்னம்மாவும் சரியாகவே சொன்னாள்.

பேயின் உயரம் ஓர் அங்குலம். அதை அளந்த பின்னரும் என் அச்சம் தீரவில்லை. அது எப்படி வந்தது?

கந்தோரில் பழைய தாள்கள் இரும்பு அலுமாரியில் இருந்தன. என் தாளையும் கதிரவேலரின் மூலத்தாளையும் மேசையில் விரித்தேன். ‘படி 18’, ‘படி 18’. கண்களை மூடி, என் இரு விரல்களால் என் தாளில் ஏறினேன். பதினெட்டு முறை எழுந்தேன்; பதினெட்டாவது மாடி. பிறகு, முதன்முறையாக, அவர் தாளில் ஏறினேன். பதினெட்டு மிதிகள், பத்தொன்பதாவது மாடி. லாபம்.

நான் படி என்று எழுதியது ஏற்றத்தை. அவர் படி என்று எழுதியது மிதியை. இரண்டு ஆங்கிலச் சொற்களும் இருந்திருந்தால் முதல் நாளே முரண் தெரிந்திருக்கும். ஒரே சொல் இரண்டையும் மூடிவிட்டது. அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தவன் நான்.

அவருடைய தாளைச் சுருட்ட எடுத்தபோது, யன்னல் ஒளி சாய்வாக அதில் விழுந்தது. அழிக்கப்பட்ட பென்சிற்கோடு தாளில் பள்ளமாக எஞ்சியிருப்பது தெரிந்தது. தாளைச் சற்றே திருப்பினேன். ஏறுவழியில் அவர் அவளை நிறுத்தியிருந்தார்: இடுப்பில் குடம், முகம் இல்லை. இறங்கும் நிலையில், ஒரு கால் மிதியில், மறுகால் காற்றில். மிதிகளைக் கீழிருந்து எண்ணினேன். மீண்டும் எண்ணினேன். பன்னிரண்டு.

இதற்கு நான் விளக்கம் கூறப்போவதில்லை. எங்கேயாவது நிறுத்த வேண்டியவளை அங்கே நிறுத்தினார் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பகல் மூன்று மணி. கந்தோரில் ஆட்கள் நிறைந்திருந்தனர். ஆயினும் அந்தத் தாளை அலுமாரியில் தனியே வைத்துப் பூட்ட என்னால் இயலவில்லை. திறந்தபடி மேசையிலேயே விட்டுச் சென்றேன்.

எஞ்சியது ஒன்று: பன்னிரண்டு சரியாகக் கட்டியவர் பதின்மூன்றில் ஏன் மாறினார்? கொழும்புத்துறைக்குச் சென்றேன். சவிரிமுத்து கடலேரிக் கரையில் பூவரச நிழலில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“வாங்கோ ஐயா. என்ன, படிக்குக் கீழை என்ன தாட்டனான் எண்டு கேக்க வந்தனீங்களோ?”

“பதின்மூன்றாம் படியை ஆறங்குலமாக ஏன் வைத்தீர்?”

வலை ஊசி நின்றது.

“எட்டு வருசத்துக்குப் பிறகு ஒரு மனிசன் கேக்குது” என்றார். பின்னர் சொன்னார்: “உங்கடை தாளிலை ஏழங்குலம் இருந்தது. ஏழு ஏழாய் ஏறி வந்தன். பன்னிரண்டு முடியத்தான் கதிரவேலர் பெரியவற்றை தாளை விரிச்சு எண்ணினன். ஒண்டு இடிக்குது. கந்தோருக்கு வந்தன். ‘ஐயா, மாடியோடை பதினெட்டோ, மாடி இல்லாமல் பதினெட்டோ?’ எண்டு உங்களைக் கேட்டன். ஞாபகம் இருக்கே?”

இல்லை.

“நீங்கள் குனிஞ்ச தலை நிமிரேல்லை. ‘தாளில் உள்ளபடி’ எண்டியள். பெரியவரைக் கேட்டன். அவர், ‘மாடி இல்லாமல் பதினெட்டு, லாபத்திலை முடியவேணும்’ எண்டார். கட்டினதை இடிக்க விடமாட்டியள்; தை பிறக்கப் பள்ளிக்கூடம் திறக்கவேணுமெண்டு நிண்டியள். மிச்சம் கிடந்த நாற்பத்திரண்டு அங்குலத்தை ஏழாய்ப் பிரிச்சன். ஓரங்குலந்தானே எண்டு நினைச்சன். அது என்ரை பிழை.”

“பழி வந்தபோது இதை ஏன் சொல்லவில்லை?”

“சொன்னனான். ஆர் கேட்டது? குறை இல்லை எண்டு எஞ்சினியர் எழுதிக் குடுத்தாப் பிறகு, குறை இருக்கெண்டு மேசன் சொன்னால், அந்தக் குறை ஆற்றை தலையிலை விழும்? சொல்லுங்கோ.”

முற்றத்தில் நான் கண்ட நாற்பது குனிவுகளைச் சொன்னேன். அவர் மறுபடியும் வலையை எடுத்தார். “அந்தப் பெடிச்சியள் குனிஞ்சு போறது நானும் கண்டனான் ஐயா. மாடி பூட்டுறதுக்கு முந்தி ஒரு நாள் வந்து றோட்டிலை நிண்டு பார்த்தனான். பிறகு வாறதை விட்டிட்டன்.”

திருத்தும் வேலைக்கு அவரையே அழைத்தேன். அக்காலத்தில் அரசின் தடையால் சீமெந்து குடாநாட்டுக்குள் வரவில்லை. சுண்ணாம்புச் சாந்தும் செதுக்கிப் பொழிந்த சுண்ணக்கல்லும் கொண்டு செய்ய வேண்டியதாயிற்று. கணக்கு எங்களுக்கு இரங்கியது. பன்னிரண்டுவரை தொடவேண்டியதில்லை. பதின்மூன்றாம் மிதியை ஓரங்குலம் உயர்த்தி, அடுத்ததை இரண்டு, அடுத்ததை மூன்று என ஏற்றிச் சென்றால், பதினெட்டாவது ஆறங்குலம் உயர்ந்து மாடியோடு சமமாகிவிடும். மிதிகளின் அகலத்தையும் பத்தங்குலமாக்கினோம். கொத்தியது குறைவு, நிரப்பியது அதிகம். இம்முறை ஒவ்வொரு மிதி முடிந்ததும் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இறங்கினோம்.

முடியும் நாளில் சவிரிமுத்து தலையைச் சொறிந்தார். “எல்லாம் சரி. ஆனால் பதினெட்டு. நட்டத்திலை முடியுதே.”

“நீர் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் அல்லவா? உமக்கு என்ன லாபம், நட்டம்?”

“ஏறுறது சைவப் பிள்ளையள் எல்லோ? பெரியவரும் லாபம் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவர்.”

சிந்தித்தேன். பிறகு, ஏறுவழியின் அடியில், நிலத்தோடு நிலமாக, எழாத ஒரு கல்லைப் பதிக்கச் சொன்னேன். அதன்மேல் கால் வைத்து எண்ணத் தொடங்கினால் மாடி பத்தொன்பது. என் கணக்கில் அது ஏற்றமன்று. அவர் கணக்கில் அது படி. அவர் நீண்ட நேரம் தேடி ஒரு வெண்கல்லைத் தெரிந்தெடுத்தார். அன்னம்மா வந்து விழுந்த இடம் அதுதானென்று அதிபர் எங்களிடம் பின்னரே சொன்னார்.

இனி என் பங்கு. பழைய சான்றிதழை மீட்டுக்கொண்டு ஒரு கடிதம் எழுதினேன். ஏறுவழியில் குறை இருந்தது; அக்குறை நான் எழுதிய ஒரு சொல்லிலிருந்து பிறந்தது; கட்டியவர் கேட்டார், நான் நிமிர்ந்து விடை சொல்லவில்லை; அதன் கீழே கல்லும் மண்ணுமன்றி வேறெதுவும் இல்லை. அதைக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசிக்குமாறு வேண்டினேன். அதிபர் தயங்கினார்.

“பேய் எண்டால் பிள்ளையள் பயந்து கவனமாய் ஏறுவினம். எழுத்துப் பிழை எண்டால் சிரிப்பினம், எஞ்சினியர்.”

“சிரிக்கட்டும்.”

பெற்றோரும் வந்திருந்தனர். சவிரிமுத்து வெளுத்த வேட்டியோடு ஓரமாக நின்றார். அதிபர் வாசித்தார். ‘படி என்ற சொல்’ என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். அன்னம்மாவின் பெயர் வந்த இடத்தில் எவரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது ஒரு தகப்பன் சவிரிமுத்துவிடம் சென்று, தம் கிணற்றுக்கட்டு வெடித்திருப்பதாகவும் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்வது கேட்டது. அவர் “வாறன்” என்றார், அவ்வளவுதான்.

மாடி எல்லோருக்குமாகத் திறந்தது. நான் முற்றத்தில், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றேன். கீரிமலைப் பிள்ளைகள் ஏறினர். பன்னிரண்டாம் மிதியில் முதலாமவள் தலை குனிந்து நிமிர்ந்தது. இரண்டாமவளுடையதும். அளவுகோலோடு ஓடினேன். ஏழு, ஏழு, ஏழு. பிழை எதுவும் இல்லை. பூட்டைத் திறந்த நாளுக்கும் திருத்த வேலைக்கும் இடைப்பட்ட கிழமைகளில் அவர்கள் சுவரைப் பிடித்து ஏறி இறங்கியிருந்தனர். கால்கள் அதைக் கற்றுவிட்டன. இப்போது இல்லாத அங்குலத்துக்கும் அவை இடங்கொடுத்தன. அந்தத் தவணை முழுவதும் குனிந்தார்கள். அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நிமிர்ந்த தலையோடு ஏறினர். ஒரே வரிசையில், குனிபவர்களும் நிமிர்ந்து செல்பவர்களுமாக, குடத்தோடு நிற்கும் அவளைக் காண்பவர்களும் காணாதவர்களும் கலந்து செல்வதுபோல் இருந்தது.

தொண்ணூற்றைந்தின் மழைக்காலத்தில் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் சண்டைக்கு அஞ்சி வெளியேறியது. அதற்குச் சில நாட்களுக்கு முன், பாடசாலைப் பதிவேடுகளை மாடியிலிருந்து இறக்க அதிபருக்கு உதவச் சென்றேன். பகல்தான். பிள்ளைகள் எவரும் இல்லை. கை நிறைய ஏடுகளோடு இறங்கினேன். என் கால்கள் நன்கறிந்த வழி. நானே அளந்து, நானே திருத்திய வழி. பன்னிரண்டாம் மிதிக்கு வந்ததும் நின்றேன். கீழே, மழை ஒளியில், வெண்கல் தெரிந்தது.

என் கால் இடறவில்லை. ஆயினும் குனிந்தேன்.